முலாம் பட்டறைத் தண்ணீருக்கு மூட்டக்கரி போதுமா?

கேள்வி: காரைக்குடி பக்கம் சின்னதாக நிக்கல், குரோம் முலாம் பட்டறை வைத்திருக்கிறேன். அலசிய தண்ணீரைக் கொல்லைக் குழியில் விடுகிறோம். சற்றுத் தள்ளி ஊருணி இருக்கிறது. சீமைக்கருவேல மூட்டக்கரி இங்கே சல்லிசாகக் கிடைக்கிறது. அதைத் தொட்டியில் நிரப்பி அதன் வழியே தண்ணீரை விட்டால் உலோகம் நின்றுவிடுமா?

பதில்: நிக்கல் ஓரளவு நிற்கும். குரோம் பெரும்பாலும் நிற்காது.

தண்ணீரில் கரைந்த நிக்கலுக்கு நேர் மின்னேற்றம். சாதாரண நீரில் கரியின் மேற்பரப்புக்கு எதிர் மின்னேற்றம். அதனால் ஒட்டிக்கொள்ளும். உங்கள் தொட்டியிலிருந்து மஞ்சளாக வருகிற ஆறு இணைதிறன் குரோமோ (குரோமின் நச்சு மிகுந்த வடிவம்) குரோமேட்டாக, எதிர் மின்னேற்றத்தோடு திரிகிறது. கரி அதைத் தள்ளிவிடும். இதற்காகத்தான் கரியைப் பெர்ரிக் குளோரைடு கரைசலில் ஊறவைத்து, காயவைத்து, காற்றுப் புகாமல் மறுபடி சுட்டு இரும்பேற்றுகிறார்கள். அப்போது குரோமேட்டையும் பிடிக்கும், ஆனால் தண்ணீர் அமிலத்தன்மையோடு இருந்தால்தான் நன்றாகப் பிடிக்கும். அப்படிப் பிடிக்கும்போதே ஒரு பகுதி மூன்று இணைதிறன் குரோமாக (நச்சு குறைந்த வடிவம்) மாறித் திரும்பத் தண்ணீருக்குள் இறங்கும். அதற்கு இன்னொரு சுத்திகரிப்பு வேண்டும். சிறு பட்டறைக்கு இது வீண் சிரமம் என்பது என் கருத்து.

எனவே முதலில் இரண்டு அலசல் தண்ணீரையும் தனித்தனி டிரம்மில் பிடியுங்கள். குரோம் தண்ணீரின் பி.ஹெச். (அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு; 7க்குக் கீழே அமிலம், மேலே காரம்) 2 முதல் 3 வரை இருக்கும்படி வைத்து, சோடியம் மெட்டாபைசல்பைட் போட்டுக் கலக்குங்கள். மஞ்சள் போய்ப் பச்சையாகும். பிறகு சுண்ணாம்பு போட்டு 8, 9க்கு ஏற்றினால் குரோம் வண்டலாக இறங்கிவிடும். இதைத் திறந்த வெளியில் செய்யுங்கள், கந்தக வாடை வரும். பட்டறையில் சயனைடு தொட்டி இருந்தால் அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டு அமிலம்கூடப் படக்கூடாது. வருகிற வாயு உயிரைக் குடிக்கும்.

நிக்கல் தண்ணீருக்கும் சுண்ணாம்புதான் முதலில். பி.ஹெச். 10 வரை ஏற்றித் தெளியவிட்டு, மேலே நிற்பதை 7 அளவுக்கு இறக்கிய பிறகு கரிக்குள் விடுங்கள். ஏன் நேராகவே கரியில் விடக்கூடாது? ஒரு கிலோ கரி 10 கிராம் நிக்கல் தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 50 மில்லிகிராம் நிக்கல் உள்ள தண்ணீர் 200 லிட்டர் போனதுமே கரி நிரம்பிவிடும். சுண்ணாம்பில் 5 மில்லிகிராமுக்கு இறக்கிவிட்டால் அதே கரி 2,000 லிட்டர் வரை தாங்கும். கரியின் வேலை கடைசி மிச்சத்தைப் பிடிப்பதுதான்.

மூட்டக்கரியை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பருமனுக்கு உடைத்து, சாம்பல் போகப் பலமுறை கழுவுங்கள். கழுவாவிட்டால் சாம்பலின் காரமே பி.ஹெச்.சை ஏற்றி, கரி வேலை செய்வதுபோலப் போக்குக் காட்டும்.

கண்ணை நம்ப வேண்டாம். வெளியேற்றும் நீரில் ஆறு இணைதிறன் குரோம் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம், மொத்தக் குரோம் 2, நிக்கல் 3 என்பது சட்ட வரம்பு. மஞ்சள் தெரியாத தண்ணீரிலும் குரோம் இதைத் தாண்டியிருக்கலாம். நிக்கல் கொஞ்சமாக இருந்தால் நிறமே காட்டாது. ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் 1953ல் திறந்த செக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) உங்கள் ஊரிலேயே இருப்பதால், முலாம் வேதியியல் தெரிந்தவர்களுக்கு அங்கே பஞ்சமில்லை. குழியில் விடுவதை மட்டும் இன்றே நிறுத்துங்கள். சுத்தம் செய்த தண்ணீரை எங்கே விடுவது என்பதற்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி வேண்டும்.

அப்புறம், தீர்ந்த கரி. வயலுக்குக் கரி போடுகிறார்களே என்று தோட்டத்தில் கொட்டிவிடாதீர்கள். டீக்கடைக்கோ இஸ்திரி வண்டிக்கோ போய்விடவும் கூடாது. அதுவும் சுண்ணாம்பு வண்டலும் அபாயக் கழிவுக் கணக்கில் வருபவை. மூட்டை கட்டி, பெயர் எழுதி, மழை படாத இடத்தில் வைத்து, வாரிய அனுமதி பெற்ற கழிவு நிறுவனத்திடம் ஒப்படையுங்கள்.