எக்ஸ்ரே நார்மல், ஆனால் வலி போகவில்லை: மூட்டு எம்.ஆர்.ஐ. பற்றிய கேள்விகளும் பதில்களும்

முடக்குவாதம், முதுகெலும்பைப் பாதிக்கும் ஸ்பாண்டிலைட்டிஸ் போன்ற அழற்சி மூட்டு நோய்களில் எலும்பு எப்போது கெடத் தொடங்குகிறது, அதை எம்.ஆர்.ஐ. எவ்வளவு சீக்கிரம் காட்டும் என்று நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். நான் மூட்டு, எலும்பு ஸ்கேன்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் ரேடியாலஜிஸ்ட். எந்த மருந்து, எவ்வளவு என்பதை உங்கள் மூட்டுவாத டாக்டர்தான் சொல்ல வேண்டும். படத்தில் என்ன தெரிகிறது, அதற்கு என்ன அர்த்தம் என்பதை நான் சொல்கிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: டாக்டர், அம்மாவுக்கு 52 வயது. ஆறு மாதமாகக் காலையில் எழுந்தால் ஒரு மணி நேரம் விரல்கள் மடங்குவதில்லை. எக்ஸ்ரே நார்மல் என்று வந்துவிட்டது. அப்புறம் எதற்கு எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுக்கிறார்கள்? வீண் செலவு இல்லையா?

எக்ஸ்ரேயில் தெரிவது எலும்பிலுள்ள சுண்ணாம்புச் சத்தின் நிழல். ஓர் இடத்தில் அந்தச் சத்து ஏறக்குறைய 30 முதல் 50 சதவீதம் வரை போன பிறகுதான் நிழலில் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் ஒன்றின்மேல் ஒன்று மறைத்துக்கொண்டு நிற்கும். அதனால் சின்னக் குழி அங்கே விழுந்தாலும் எக்ஸ்ரேயில் சுலபமாகத் தப்பிவிடும். அம்மாவின் எக்ஸ்ரே நார்மல் என்பதற்கு "இதுவரை பெரிய சேதம் இல்லை" என்றுதான் பொருள். நோயே இல்லை என்று அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆனால் எல்லோருக்கும் எம்.ஆர்.ஐ. தேவையில்லை. மூட்டு வீங்கியிருப்பது கைக்குத் தட்டுப்பட்டு, முடக்குவாதத்துக்கான ரத்தப் பரிசோதனையான ஆன்டி சி.சி.பி.யும் பாசிட்டிவ் என்றால் ஸ்கேனுக்காகக் காத்திருக்காமல் மருந்தைத் தொடங்கலாம். நோயை உறுதி செய்வதில் சந்தேகம் இருக்கும்போது அல்ட்ராசவுண்டையோ எம்.ஆர்.ஐ.யையோ பயன்படுத்தலாம் என்றுதான் ஐரோப்பிய மூட்டுவாத மருத்துவக் கூட்டமைப்பின் 2013ஆம் ஆண்டுப் பரிந்துரையும் சொல்கிறது. டாக்டரிடம் "எந்தச் சந்தேகத்தைத் தீர்க்க இந்த ஸ்கேன்?" என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

கேள்வி: மேடம், என் மணிக்கட்டு ரிப்போர்ட்டில் "போன் மேரோ எடீமா" என்று இருக்கிறது. எடீமா என்றால் நீர் கோத்திருப்பதுதானே? வடிந்துவிடுமா?

பெயர்தான் அப்படி. முடக்குவாதத்தில் அது வெறும் நீர் அல்ல.

நான் திரையில் பார்ப்பதைச் சொல்கிறேன். 'ஸ்டிர்' என்ற முறையில் எடுத்த படத்தில் கொழுப்பின் ஒளியை அணைத்துவிடுவார்கள். நல்ல எலும்பு மஜ்ஜையில் (அதுதான் போன் மேரோ) பெரும்பகுதி கொழுப்பு என்பதால் மணிக்கட்டு எலும்புகள் எல்லாம் கறுப்புக் கூழாங்கல் மாதிரி வரிசையாகத் தெரியும். நடுவில் ஒன்று மட்டும் உள்ளே விளக்கேற்றி வைத்ததுபோல வெளிறி நிற்கும். ஓரம் கூர்மையாக இருக்காது, புகை பரவியதுபோல மங்கலாக முடியும். ரிப்போர்ட்டில் எடீமா என்று நாங்கள் எழுதுவது இதைத்தான்.

மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சையில் எடுத்த எலும்புகளை, முன்பே எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். படத்தில் வெளிறிய இடத்தில் கொழுப்பு குறைந்து, அழற்சிச் செல்கள் வந்து குடியேறியிருந்தன. எலும்பைக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களும் பக்கத்திலேயே இருந்தன. அதாவது மூட்டுச் சவ்வு வெளியிலிருந்து எலும்பைத் தின்கிறது, மஜ்ஜை அழற்சி உள்ளிருந்து தின்கிறது. நடுவே மெல்லிய ஓடு. அது எத்தனை நாள் தாங்கும்?

டென்மார்க்கில், நோய் புதிதாக வந்தவர்களை இரண்டு ஆண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2009இல் வெளியானது. பின்னால் எக்ஸ்ரேயில் யாருக்குச் சேதம் கூடும் என்பதை முன்கூட்டிச் சொன்னவற்றில் மிக வலுவானது இந்த மஜ்ஜை மாற்றம்தான். குழி விழுந்தால் பெரும்பாலும் விழுந்ததுதான். மஜ்ஜை மாற்றம் சரியான மருந்தில் மறையக்கூடியது. உங்கள் ரிப்போர்ட்டை அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை பீரோவில் வைக்காதீர்கள், இந்த வாரமே காட்டுங்கள்.

கேள்வி: எனக்கு "எரோஷன்" என்று எழுதியிருக்கிறார்கள். வேறு இடத்தில் காட்டினால் "இது சாதாரணம்" என்கிறார்கள். யாரை நம்புவது?

எரோஷன் என்றால் நோய் எலும்பை அரித்து உண்டாக்கிய குழி. இரண்டு பேருமே நேர்மையாகச் சொல்லியிருக்கலாம். மணிக்கட்டு எலும்புகளில் ரத்தக் குழாய் நுழையும் துளைகளும், தசைநார் ஒட்டும் பள்ளங்களும் இயற்கையிலேயே உண்டு. ஒரே படத்தை வைத்துப் பார்த்தால் அவையும் குழிதான்.

அதற்காகத்தான் முடக்குவாத எம்.ஆர்.ஐ. படங்களுக்கான ராம்ரிஸ் என்ற மதிப்பெண் முறையில் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். ஓரம் தெளிவாக இருக்க வேண்டும், மூட்டை ஒட்டிய இடத்தில் இருக்க வேண்டும், இரண்டு கோணங்களில் தெரிய வேண்டும், அவற்றில் ஒன்றிலாவது எலும்பின் ஓடு உடைந்திருப்பது தெரிய வேண்டும். ஒவ்வோர் எலும்புக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண். எலும்பின் 10 சதவீதம் போனால் 1, இருபது போனால் 2 என்று ஏறும். மஜ்ஜை மாற்றத்துக்கு 0 முதல் 3 வரை. தினசரி ரிப்போர்ட்டில் இந்த எண்களைப் பெரும்பாலும் எழுத மாட்டோம். ஆனால் விதியை மனதில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

உடல்நலக் குறை எதுவும் இல்லாதவர்களின் கையிலும் ஒன்றிரண்டு சின்னக் குழிகள் இருக்கும், வயது ஏற ஏற அதிகமாகும். குழியைச் சுற்றி மஜ்ஜை வெளிறியிருக்கிறதா, பக்கத்தில் சவ்வு தடித்திருக்கிறதா என்று ரிப்போர்ட் எழுதியவரிடம் உங்கள் டாக்டரைக் கேட்கச் சொல்லுங்கள். இரண்டும் இல்லாமல் குழி மட்டும் தனியே இருந்தால் நான் அவசரப்பட மாட்டேன்.

கேள்வி: அக்கா, எனக்கு 27 வயது. மாரத்தான் ஓடுவேன். கீழ்முதுகு வலிக்கு எடுத்த ஸ்கேனில் இடுப்பு மூட்டில் எடீமா என்று வந்ததும் ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்றுவிட்டார்கள். தூக்கமே வரவில்லை.

தம்பி, முதலில் இதைக் கேளுங்கள். ஓட்டக்காரர்கள், ராணுவப் பயிற்சியில் சேர்ந்தவர்கள், சமீபத்தில் பிரசவித்த பெண்கள் ஆகியோருக்கும் இடுப்பெலும்பும் முதுகின் அடியும் சேரும் அந்தச் சாக்ரோ இலியாக் மூட்டில் மஜ்ஜை வெளிறித் தெரிவது ஆய்வுகளில் மறுபடி மறுபடி வந்திருக்கிறது. பாரம் தாங்குகிற மூட்டு அது.

2009இல் வந்த சர்வதேச வரையறை, இந்த நோயை எக்ஸ்ரேயில் தெரியும் முன்பே எம்.ஆர்.ஐ. வைத்துக் கண்டுபிடிக்க வழி செய்தது. பல ஆண்டு வலியோடு அலைந்தவர்களுக்கு அது பெரிய நன்மை. ஆனால் எடீமா என்ற ஒற்றைச் சொல்லை வைத்து நோயை முத்திரை குத்துவதை நான் ஏற்க மாட்டேன். உங்கள் வலி ராத்திரியில் எழுப்புகிறதா, ஓய்வில் கூடி நடந்தால் குறைகிறதா, எச்.எல்.ஏ. பி27 என்ற ரத்தப் பரிசோதனையின் முடிவு என்ன, கண் சிவந்து வலித்ததுண்டா, வீட்டில் யாருக்காவது உண்டா? இத்தனையும் சேர்ந்துதான் முடிவு. படத்தில் நான் கூடுதலாகத் தேடுவது எரோஷனையும் கொழுப்புத் திட்டையும். ஓடுவதால் மட்டும் வரும் எடீமாவோடு தெளிவான எரோஷன் சேர்ந்து வருவது அபூர்வம். மூட்டுவாத டாக்டர் ஒருவரை நேரில் பாருங்கள்.

கேள்வி: எம்.ஆர்.ஐ.யிலிருந்தே சி.டி. மாதிரிப் படம் எடுக்கலாம் என்று படித்தேன். உண்மையா?

உண்மை, எனக்கு மிகவும் நம்பிக்கை தருகிற வளர்ச்சி இது. வழக்கமான எம்.ஆர்.ஐ.யில் எலும்பின் ஓடு தானாக ஒளி தருவதில்லை, சுற்றியுள்ளவற்றின் நடுவே கறுப்புக் கோடாகத்தான் தெரியும். அதனால் மெல்லிய உடைப்பைப் பிடிப்பது கஷ்டம், சி.டி. அதில் கெட்டி. ஆனால் இடுப்புப் பகுதியில் இளம் வயதினருக்குத் திரும்பத் திரும்பக் கதிர்வீச்சுக் கொடுக்க மனம் வராது. இப்போது எம்.ஆர்.ஐ. தரவைக் கணினிக்குக் கொடுத்து, சி.டி.யில் எப்படித் தெரியுமோ அப்படி ஒரு படத்தை உருவாக்குகிறார்கள். 2021இல் பெல்ஜியத்தின் கெண்ட் குழுவினர் இதைச் சாக்ரோ இலியாக் மூட்டில் அசல் சி.டி.யோடு ஒப்பிட்டார்கள். எரோஷனைப் பிடிப்பதில் வழக்கமான எம்.ஆர்.ஐ.யைவிட இது மேலாக இருந்தது. எல்லா ஊரிலும் இன்னும் கிடைக்காது. மெல்லிய துண்டுகளாக எடுக்கும் முப்பரிமாண முறைகளைக் கேட்டால் பல இடங்களில் செய்வார்கள்.

கேள்வி: ஊசி போட்டுத்தான் எடுக்க வேண்டுமா? எனக்குக் கிட்னி கொஞ்சம் வீக்.

மஜ்ஜை மாற்றத்துக்கும் எரோஷனுக்கும் ஊசி தேவையில்லை. கையில் சவ்வு அழற்சியைத் தெளிவாகப் பார்க்கத்தான் கெடோலினியம் என்ற அந்த ஊசி மருந்து உதவும். பல வருடம் வலி மாத்திரை எடுத்தவர்கள் கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டு வருவது நல்லது. கிட்னி விஷயத்தை ஸ்கேன் சென்டரில் முன்பே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: வலி, வீக்கம் எதுவும் இல்லை, ரெமிஷன் என்கிறார்கள். பாதுகாப்புக்கு வருடம் ஒருமுறை எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா?

இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். முடக்குவாதம் அடங்கிய, அதாவது ரெமிஷனில் இருந்த 200 பேரை டென்மார்க்கில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு எம்.ஆர்.ஐ.யில் எடீமா தெரிந்தாலே மருந்தைக் கூட்டினார்கள். 2019இல் வந்த முடிவு: இரண்டு ஆண்டில் ரெமிஷனிலும் எக்ஸ்ரே சேதத்திலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. மருந்து கூடிய பக்கம் கடுமையான பக்கவிளைவுகள்தான் அதிகம். நீங்கள் நன்றாக இருக்கிறீர்கள், அந்தப் பணத்தைச் சேமியுங்கள்.

கேள்வி: பத்து வயது மகளுக்கு மணிக்கட்டு ஸ்கேனில் பல குழிகள் என்கிறார்கள்...

வளரும் எலும்பில் பள்ளங்கள் சகஜம், நோயே இல்லாத பிள்ளைகளுக்கும் இருக்கும். குழந்தைகளின் ஸ்கேன் பார்த்துப் பழகிய ரேடியாலஜிஸ்ட்டிடம் படத்தை மறுபடி காட்டுங்கள்.

கேள்வி: நாளைக்கு எனக்குக் கை ஸ்கேன். குப்புறப் படுத்துக் கையைத் தலைக்கு மேல் நீட்ட வேண்டும் என்கிறார்கள். தோள் தூக்கவே வராது.

கை, கருவியின் நடுவில் இருந்தால் படம் தெளிவாக வரும், அதனால்தான் அப்படிக் கேட்கிறார்கள். ஆனால் தோள்வலியில் நீங்கள் நடுவில் அசைந்தால் முழுப்படமும் கலங்கிவிடும். உள்ளே போகும் முன்பே டெக்னீஷியனிடம் சொல்லுங்கள். பக்கவாட்டில் வைத்தும் எடுக்க முடியும், முழங்கைக்கும் மார்புக்கும் தலையணை கேளுங்கள். வழக்கமான மருந்தை நிறுத்த வேண்டாம், என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். மோதிரமும் வளையலும் வீங்கிய விரலில் சிக்கியிருந்தால் இன்றிரவே சோப்புத் தண்ணீரில் கழற்றிவிடுங்கள். பழைய எக்ஸ்ரே இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள்.