சிறு பிள்ளைகள் கையில் டிஜிட்டல் கேமரா: கேள்வி பதில்

சேலத்திலிருந்து ஒரு தாய்: என் மகளுக்கு நான்கு வயது. 48 மெகாபிக்சல் என்று போட்ட குழந்தைகள் கேமரா ஒன்று இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணை நம்பி வாங்காதீர்கள், அம்மா. இவ்வகைக் கேமராக்கள் பலவற்றில் சென்சார் உண்மையில் பதிவு செய்வது அதில் ஒரு சிறு பகுதியைத்தான். மீதிப் புள்ளிகளை மென்பொருள் கணக்கிட்டு நிரப்பிவிடுகிறது. 4×6 அங்குலப் பிரிண்ட் ஒன்று தெளிவாக வருவதற்கு 1800×1200 புள்ளிகள், அதாவது ஏறத்தாழ 2 மெகாபிக்சல் போதும்.

நீங்கள் பார்க்கவேண்டியது ஃபோகஸை. மலிவான கேமராக்களில் லென்ஸ் அசையாமல் பொருத்தப்பட்டிருப்பதால், சில அடி தள்ளி இருப்பவை தெளிவாகவும் மிகக் கிட்டத்தில் இருப்பவை மங்கலாகவும் விழும். நான்கு வயதுப் பிள்ளையோ எறும்பையும், தன் கால்விரலையும், பாட்டியின் மூக்குத்தியையும் ஒட்டி நின்றுதான் எடுக்கும். ஆசைப்பட்டு எடுத்ததெல்லாம் மங்கிப்போனால், கேமராவின் குறை என்று அதற்குத் தெரியாது. தனக்கு வரவில்லை என்று எண்ணிக் கேமராவைக் கீழே வைத்துவிடும். ஆகவே உறவினர் வீட்டு அலமாரியில் பயனின்றிக் கிடக்கும் பழைய கையடக்க (காம்பாக்ட்) கேமரா ஒன்றைத் தேடுங்கள். அவற்றில் பெரும்பாலானவற்றில் பூப்படக் குறியிட்ட மேக்ரோ அமைப்பு உண்டு. சில சென்டிமீட்டர் தொலைவில் இருப்பதும் தெளிவாக விழும். பேட்டரி உப்பியிருந்தால் அதைப் பயன்படுத்தவேண்டாம். கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டு மணிக்கட்டுப் பட்டை மாட்டுங்கள். ஊஞ்சலிலோ சறுக்குமரத்திலோ சிக்கினால் கழுத்தை இறுக்கிவிடும்.

மதுரையிலிருந்து ஒரு தந்தை: அப்படி ஒரு பழைய கேமரா இருக்கிறது. 32 ஜிபி கார்டைப் போட்டால் ஏற்க மறுக்கிறது.

பதில்: 2 ஜிபிக்கு மேல் 32 ஜிபி வரை கொள்ளும் கார்டுகளுக்கு எஸ்டிஹெச்சி என்று பெயர்; அவை 2006இல் வந்தவை. அதற்கு முந்தைய கேமராக்கள் பொதுவாக 2 ஜிபிக்கு மேல் ஏற்பதில்லை. 2 ஜிபி கார்டு ஒன்று வாங்குங்கள். பிள்ளைக்கு அது தாராளம்.

திருச்சியிலிருந்து ஓர் அன்பர்: ஆறு வயது மகனுக்கு எந்தக் கேமரா வாங்கலாம்?

பதில்: முதல் பதிலே உங்களுக்கும் பொருந்தும். மணிக்கட்டுப் பட்டையை மறக்காதீர்கள்.

ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியை: படத்தை நெடுக்கிலும் குறுக்கிலும் மூன்று சம பங்காகப் பிரித்து அமைக்கும் விதியை எந்த வயதில் கற்பிக்கலாம்?

பதில்: ஏழு வயதுக்கு முன் வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து. மூன்றடி உயரத்தில் இருக்கும் ஒரு கண்ணுக்கு மேசையின் அடிப்புறமும், பெரியவர்களின் முழங்கையும், நாயின் முகமும்தான் உலகம். அந்தப் பார்வையை விதியால் திருத்தினால் நம் படத்தையே அவர்கள் கையால் எடுப்பித்ததாகிவிடும். ஆனால் இரண்டு பழக்கங்களைத் தொடக்கத்திலேயே சொல்லித்தரலாம். ஒன்று, பொத்தானைப் பாதி அழுத்தி, கட்டம் பச்சையானதும் முழுதும் அழுத்துவது. சிறு விரலுக்கு இது எளிதில் வராது என்பதால் பொறுமை வேண்டும். மற்றொன்று வெளிச்சம். வீட்டுக்குள் டியூப்லைட் ஒளியில் ஓடும் தம்பியை எடுத்தால் ஒளியை உள்ளே விடும் ஷட்டர் தாமதமாக மூடி அவன் கோடாக இழுபடுவான். அவனையே திண்ணையிலோ சன்னல் ஓரத்திலோ எடுக்கச் சொல்லி, இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டுங்கள். விளக்கம் சொல்லாமலே பிள்ளை புரிந்துகொள்ளும்.

ஃபிலிம் காலத்து அன்பர் ஒருவர்: ஒரு சுருளுக்கு 36 படம்தான் என்ற கட்டுப்பாடே எங்களுக்குப் பார்க்கக் கற்றுத்தந்தது. கணக்கில்லாமல் எடுக்கவிட்டால் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு அழுத்தித் தள்ளும்.

பதில்: உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன், ஐயா. ஆனால் உங்களுக்கு அப்போது நான்கு வயது இருந்திருக்காது. ஃபிலிம் கழுவி வர ஒரு வாரம் ஆனால், தான் செய்தது எது, விளைந்தது எது என்று சிறு பிள்ளையால் இணைத்துப் பார்க்க இயலாது. உடனே திரையில் தெரிவதுதான் டிஜிட்டல் கேமரா அந்த வயதுக்குத் தரும் பெரிய உதவி.

அதே அன்பர்: கோடக் 1900இல் ஒரு டாலருக்கு விற்ற பிரௌனி கேமரா பிள்ளைகளை முன்வைத்து விளம்பரப்படுத்தப்பட்டதுதானே? ஒரு சுருளுக்கு ஆறு படம். அவர்கள் கற்கவில்லையா?

பதில்: கற்றார்கள். இன்னும் வலுவான சான்று பிரான்சின் ஒளிப்படக் கலைஞர் ழாக் ஆன்றி லார்த்தீக். 1894இல் பிறந்த அவர், ஏழெட்டு வயதில் தந்தை தந்த கேமராவில் தொடங்கியவர். ஆனால் அந்தத் தந்தையே ஆர்வமுள்ள ஒளிப்படக்காரர், வசதியும் உள்ளவர். படங்களின் எண்ணிக்கை குறைவாக இருந்ததால் அந்தச் சிறுவன் கற்றான் என்று நான் ஏற்கமாட்டேன். அதே ஆர்வத்துடன் ஒருவர் வீட்டில் இருந்தார் என்பதே பெரிது. தன் படங்களைத் தாமே ஆல்பங்களில் ஒட்டி வாழ்நாள் முழுதும் பேணியவர் அவர். உங்கள் கட்டுப்பாட்டை அங்கே வையுங்கள், ஐயா. எத்தனை வேண்டுமானாலும் எடுக்கட்டும். மாதக் கடைசியில் பத்தே படங்களைப் பிள்ளையே தேர்ந்தெடுக்க, அவற்றை ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டு நோட்டில் ஒட்டுங்கள். ஏன் இதை எடுத்தாய் என்று கேட்டு, சொல்வதை அடியில் எழுதுங்கள். மங்கலானதைத் தேர்ந்தெடுத்தால் மறுக்காதீர்கள், அழிக்கவும் செய்யாதீர்கள்.

ஈரோட்டிலிருந்து ஒருவர்: ஃபிலிம் அன்பர் சொல்வதே சரி. என் மகன் ஒரு நாளில் முந்நூறு படம் எடுக்கிறான்.

பதில்: அந்த முந்நூறில் எத்தனையை அவனோடு உட்கார்ந்து பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள், பிறகு பேசலாம்.

சென்னையிலிருந்து ஒருவர்: ஐந்து வயதுக்கு எந்தக் கேமரா நல்லது?

பதில்: மூன்றாவது முறையாக இதே கேள்வி வருகிறது. மேலே படியுங்கள். இனி இதற்குப் பதில் எழுதமாட்டேன்.

கன்னியாகுமரியிலிருந்து ஒரு தாய்: மகள் சூரிய உதயத்தை எடுக்க ஆசைப்படுகிறாள். லென்ஸ் வழியே கண்ணால் பார்த்து எடுக்கும் டிஎஸ்எல்ஆர் கேமரா கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். கண் வைத்துப் பார்க்கும் துளை வழியே, அதுவும் ஜூம் செய்து, சூரியனைப் பார்த்தால் லென்ஸ் குவிக்கும் ஒளி விழித்திரையைச் சுட்டுவிடும். அப்போது வலியே தெரியாது என்பதால் பிள்ளை கண்ணை எடுக்காது. சூரியனுக்கு முதுகைக் காட்டி நிற்கச் சொல்லுங்கள். அந்த இளவெயில் படும் பாறையும், படகும், அப்பாவின் முகமும் அவளுக்கு நல்ல படங்களாகும். கடற்காற்றில் உப்பு இருப்பதால், திரும்பியதும் கேமராவை ஈரம் பிழிந்த துணியால் துடைத்து உலரவையுங்கள். மணிக்கட்டுப் பட்டை பாறைமேல் இன்னும் அவசியம்.