அமெரிக்காவில் ப்ரீ-மெட் படிக்கப் பெரிய பெயருள்ள பல்கலைக்கழகம்தான் வேண்டுமா?

வேண்டியதில்லை. ப்ரீ-மெட் என்பது மருத்துவக் கல்லூரியில் சேர இளநிலைப் படிப்பின்போதே செய்யும் தயாரிப்பு; பெரும்பாலும் அது தனிப் பட்டமே அல்ல. உயிரியல், வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல் போன்ற பாடங்களை ஆய்வகத்தோடு முடித்தால், மேஜர் (முதன்மைப் பாடம்) வரலாறாகக்கூட இருக்கலாம். ஜிபிஏவும் (கல்லூரி மதிப்பெண் சராசரி), மருத்துவ நுழைவுத் தேர்வான எம்கேட்டின் மதிப்பெண்ணும் (472 முதல் 528 வரை) மிக முக்கியம்.

"எங்கள் மாணவர்களில் இத்தனை சதவீதம் பேர் மருத்துவம் சேர்ந்தார்கள்" என்ற விளம்பரத்தில் மயங்காதீர்கள். சில கல்லூரிகள் மதிப்பெண் குறைந்தவர்களுக்குக் கமிட்டிக் கடிதமே (மருத்துவக் கல்லூரிகளுக்குக் கல்லூரிக் குழு எழுதும் பரிந்துரை) தருவதில்லை. அவர்களில் பலர் விண்ணப்பிக்காமலே ஒதுங்கிவிட, சதவீதம் தானாக ஏறிவிடும். முதலாண்டில் ப்ரீ-மெட் என்று வந்தவர்களில் எத்தனை பேர் கடைசியில் விண்ணப்பித்தார்கள் என்று கேளுங்கள்.

அப்புறம், கரிம வேதியியல் வகுப்பில் எத்தனை பேர்? 300 பேர் உட்காரும் அரங்கில் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் பேராசிரியர் கிடைப்பது கஷ்டம். பரிந்துரைக் கடிதம் எழுத அவர்தான் வேண்டும். மருத்துவத்துக்கு இன்னும் 4 வருடக் கட்டணம் காத்திருக்கிறது, அதனால் கடன் குறையும் இடத்தையே நான் சொல்வேன்.