பள்ளி தள்ளுபடி தருகிறதே, இரண்டு வருடக் கட்டணத்தை முன்பே கட்டிவிடலாமா?

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. வரும் செப்டம்பரில் இங்கிலாந்தில் ஒரு போர்டிங் பள்ளியில் இயர் 9 வகுப்பில் சேருகிறாள். டெர்முக்கு 12,500 பவுண்டு என்று பள்ளியின் கட்டணப் பட்டியலில் போட்டிருந்தார்கள். இடத்தை உறுதி செய்ய ஒரு டெர்ம் கட்டணத்தை டெபாசிட்டாகக் கட்டிவிட்டோம். அதுபோக இரண்டு வருடத்துக்கான பணம் கையில் இருக்கிறது. மொத்தமாக முன்பே கட்டினால் தள்ளுபடி உண்டு என்கிறார்கள். கட்டிவிடலாமா? அவள் கைச்செலவுக்கு எப்படி ஏற்பாடு செய்வது? என் கணவரின் அத்தை மகன் லண்டனில் இருக்கிறார். அவரையே கார்டியனாக, அதாவது அங்கே எங்கள் இடத்தில் பொறுப்பேற்பவராகப் போட்டால் அந்தச் செலவு மிச்சம் என்று வீட்டில் சொல்கிறார்கள். இது சரிவருமா? — ஒரு வாசகி

பதில்: கட்ட வேண்டாம். குறைந்தது முதல் வருடம் முடியும்வரை டெர்ம் டெர்மாகவே கட்டுங்கள். தள்ளுபடி கொஞ்சம் தாராளமாக இருந்தாலும் என் பதில் மாறாது.

முதலில் உங்கள் கையில் இருப்பது உண்மையிலேயே இரண்டு வருடப் பணம்தானா என்று பாருங்கள். 2025 ஜனவரி 1 முதல் பிரிட்டனில் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு 20% வாட் வரி உண்டு. படிப்புக்கு மட்டுமல்ல, விடுதிக்கும் சேர்த்துத்தான். நீங்கள் பார்த்த 12,500 வரிக்கு முந்தைய தொகையாக இருந்தால் பில் 15,000 என்று வரும். வருடத்துக்கு மூன்று டெர்ம், ஆக 45,000. 12,500-ஐ ஆறால் பெருக்கி 75,000 பவுண்டு சேர்த்து வைத்திருக்கிறீர்கள் என்றால், அது ஐந்து டெர்முக்குத்தான் வரும். அதுவும் இரண்டாம் வருடம் கட்டணம் ஏறாமல் இருந்தால். முன்பே கட்டினால் வரி தப்பும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2024 ஜூலை 29-க்குப் பிறகு கட்டப்படும் முன்பணத்துக்கும் வரி உண்டு என்று அப்போதே சட்டத்தில் வழி செய்துவிட்டார்கள்.

இப்போது ஏன் வேண்டாம் என்கிறேன் என்பதற்கு வருகிறேன். நீங்கள் கையெழுத்துப் போட்ட பெற்றோர் ஒப்பந்தத்தை எடுத்து, நோட்டீஸ் பற்றிய பகுதியைப் படியுங்கள். பிரிட்டிஷ் தனியார் பள்ளிகளில் பரவலாக இருக்கும் விதி இது: பிள்ளையைப் பள்ளியிலிருந்து எடுப்பதானால் ஒரு முழு டெர்ம் நோட்டீஸ் எழுத்தில் தர வேண்டும். தராவிட்டால் ஒரு டெர்ம் கட்டணம் கட்ட வேண்டும்.

இதை உங்கள் மகளுக்குப் பொருத்திப் பாருங்கள். செப்டம்பரில் சேருகிறாள். டெர்ம் நடுவில் வரும் அக்டோபர் ஹாஃப் டெர்ம் விடுமுறையில், என்ன தேற்றியும் அவளுக்கு அங்கே ஒட்டவில்லை என்று தெரிகிறது. அன்றைக்கே நீங்கள் நோட்டீஸ் கொடுத்தாலும், நடக்கிற டெர்ம் பாதி போய்விட்டதால் அது ஜனவரி டெர்முக்கான நோட்டீஸாகத்தான் கணக்காகும். கிறிஸ்துமஸுக்கே அவளை வீட்டுக்கு அழைத்துக்கொண்டால், அவள் உட்காராத வகுப்புக்கும் படுக்காத கட்டிலுக்கும் ஜனவரி முதல் ஈஸ்டர் வரை கட்டணம் கட்ட வேண்டியிருக்கும். இது எதிர்பார்த்து வைத்துக்கொள்ள வேண்டிய செலவு, நடக்கக் கூடாத விபத்து அல்ல. 13 வயதில் முதன்முறையாக வீட்டை விட்டுப் போகிற பிள்ளை. அவள் திரும்பி வர நினைத்தால், பணத்தைக் கட்டிவிட்டோமே என்ற காரணம் உங்கள் முடிவுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது. இரண்டு வருடப் பணம் பள்ளியிடம் இருந்தால் நிச்சயம் நிற்கும். எவ்வளவு திரும்பக் கிடைக்கும், தள்ளுபடியைத் திரும்பப் பிடிப்பார்களா என்பதெல்லாம் முன்பணத் திட்டத்தின் தனி விதிகளைப் பொறுத்தது.

பள்ளியின் நிதிநிலையையும் பார்க்க வேண்டும். பள்ளி மூடப்பட்டால், முன்பணம் கட்டிய பெற்றோர் அடமானம் ஏதும் இல்லாமல் கடன் கொடுத்தவர்களைப் போல, பணத்தைத் திரும்பக் கேட்டு வரிசையில் நிற்க வேண்டிவரும். பிரிட்டனில் பல தனியார் பள்ளிகள் அறக்கட்டளைகளாகப் பதிவானவை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உள்ள அறக்கட்டளைகளின் வரவு செலவு, சேரிட்டி கமிஷன் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். பள்ளியின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். வருமானத்தை விடச் செலவு தொடர்ந்து சில வருடம் கூடுதலாக இருக்கிறதா, மாணவர் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறதா, பள்ளி தொடர்ந்து இயங்குமா என்பது குறித்து ஆடிட்டர் ஏதாவது எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். நிறுவனமாக நடக்கும் பள்ளி என்றால் நிறுவனங்களைப் பதிவு செய்யும் கம்பெனீஸ் ஹவுஸ் தளத்தில் கணக்கு கிடைக்கும். அரை மணி நேர வேலை. முதல் வருடம் நல்லபடியாகப் போய், கணக்கும் திருப்தியாக இருந்தால், அப்போது ஒரு வருடத்துக்கு மட்டும் முன்பணம் கட்டுவதைப் பற்றி யோசிக்கலாம். கட்டணம் ஏறினால் வித்தியாசம் கேட்பார்களா என்பதையும் அப்போது கேளுங்கள். தள்ளுபடி, உங்கள் வங்கி தரும் வட்டியை விடக் கூடுதலா என்றும் பார்க்க வேண்டும்.

சரி, அதுவரை பணத்தை எங்கே வைப்பது? இதில் அவசரம் காட்டாதீர்கள், ஏனென்றால் விசாவுக்கும் இதே பணம்தான் தேவை. சைல்ட் ஸ்டூடன்ட் விசாவுக்கு ஒரு கல்வியாண்டின் படிப்பு, விடுதிக் கட்டணம் முழுவதும் கணக்கில் தொடர்ந்து 28 நாள் இருந்திருக்க வேண்டும். அந்த 28-வது நாள், விண்ணப்பிப்பதற்கு முந்தைய 31 நாட்களுக்குள் வர வேண்டும். இடையில் ஒரே ஒரு நாள், ஏதோ அவசரத்துக்கு எடுத்து மறுநாளே போட்டுவிட்டால்கூட, எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். அதனால் விசாவுக்கென்று ஒரு கணக்கை ஒதுக்கி, வீட்டுச் செலவு எதுவும் அதிலிருந்து போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பவுண்டின் மதிப்பு ஏறினால் தொகை குறைந்துவிடும் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே வையுங்கள். சில நாட்டவரிடம் இந்த ஆவணங்களை விண்ணப்பத்தோடு கேட்பதில்லை. ஆனால் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம்.

விசாவோடு சேர்ந்து வரும் இன்னொரு பெரிய தொகை, பலரும் கணக்கில் எடுக்காதது, மருத்துவ சர்சார்ஜ். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வருடத்துக்கு 776 பவுண்டு. டெர்முக்கு டெர்ம் கட்டுவது அல்ல, விசாக் காலம் முழுவதற்கும் விண்ணப்பிக்கும்போதே ஒரே தடவையில் கட்ட வேண்டும். இயர் 11 முடியும்வரை விசா எடுத்தால், படிப்பு முடிந்தபின் தரும் கூடுதல் மாதங்களையும் சேர்த்து மூன்றரை வருடக் கணக்கு வரும். 2,716 பவுண்டு. ஆனால் இதனால் அவளுக்கு அரசு மருத்துவச் சேவை முழுவதும் கிடைக்கிறது. இங்கிலாந்தில் 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மருந்துச் சீட்டுக்குப் பணமில்லை, 18 வரை அரசு பல் மருத்துவருக்கும் பணமில்லை. ஆகவே பள்ளி பில்லில் தனியார் மருத்துவக் காப்பீடு என்று ஒரு வரி இருந்தால், அது கட்டாயமா, வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாமா என்று கேளுங்கள். பொருள்களுக்கும் பயணத்துக்கும் காப்பீடு எடுப்பது வேறு விஷயம், அது வேண்டும்.

சீருடையை மொத்தமாகப் புதிதாக வாங்காதீர்கள். பல பள்ளிகளில் பெற்றோர் நடத்தும் பழைய சீருடைக் கடை உண்டு, பிளேசர், விளையாட்டு உடைகள் அங்கே பாதிக்கும் குறைவான விலைக்கு நல்ல நிலையில் கிடைக்கும். இந்த வயதில் ஒரு வருடத்திலேயே கை நீளம் பத்தாமல் போகும்.

எக்ஸ்ட்ராஸ் என்று ஒரு தலைப்பு பில்லில் வரும். பியானோ வகுப்பு, கூடுதல் ஆங்கில வகுப்பு, சுற்றுலா, விமான நிலைய டாக்சி எல்லாம் அதில்தான். பெரும்பாலும் இந்த டெர்மில் நடந்ததற்கு அடுத்த டெர்ம் பில்லில் பணம் கேட்பார்கள். அதனால் முதல் பில் லேசாகத் தெரியும், ஜனவரி பில்தான் உண்மையான பில். எந்த வகுப்பில் சேர்ப்பதானாலும் உங்கள் இமெயில் சம்மதம் இல்லாமல் சேர்க்க வேண்டாம் என்று முதலிலேயே பள்ளி அலுவலகத்துக்கு எழுதிவிடுங்கள்.

பணம் அனுப்புவதில் இரண்டு விஷயம். ஒன்று, வங்கி சொல்லும் அனுப்புக் கட்டணத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். உண்மையான செலவு மாற்று விகிதத்துக்குள் ஒளிந்திருக்கும். சந்தை விகிதத்தை விட 2% மோசமான விகிதம் கொடுத்தால், 15,000 பவுண்டு அனுப்பும்போது 300 பவுண்டு போகிறது, வருடத்துக்கு 900. இரண்டு மூன்று இடங்களில், 15,000 பவுண்டு பள்ளிக் கணக்கில் முழுதாகச் சேர என் கையிலிருந்து மொத்தம் எவ்வளவு போகும் என்று ஒரே நாளில் கேட்டு ஒப்பிடுங்கள். முழுதாகச் சேர என்பது முக்கியம். இடையில் இருக்கும் வங்கி இருபது பவுண்டு பிடித்துக்கொண்டால், பள்ளிக் கணக்கில் நீங்கள் பாக்கிதாரர். விகிதம் இறங்கட்டும் என்று கடைசி நாள்வரை காத்திருக்காமல், அடுத்த டெர்முக்கானதை இரண்டு மூன்று தவணையாக மாற்றி வையுங்கள். உங்கள் நாட்டில் பவுண்டிலேயே டெபாசிட் வைக்க அனுமதி இருந்தால், நோட்டீஸ் கட்டணத்துக்கு ஈடாக ஒரு டெர்ம் பணத்தை எப்போதும் அதில் வைத்திருங்கள். அதை வேறு எதற்கும் தொடாதீர்கள்.

இரண்டு, மோசடி. பள்ளிக் கட்டணம் பெரிய தொகை, தேதி எல்லோருக்கும் தெரியும், பெற்றோர் வேறு நாட்டில் இருக்கிறார்கள். திருடர்களுக்கு இதைவிடத் தோதான இடம் கிடைக்காது. “எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இந்த வாரத்துக்குள் கட்டினால் கூடுதல் தள்ளுபடி” என்று பள்ளியின் முத்திரையோடு, அலுவலரின் பெயரோடு, அச்சு அசலாக இமெயில் வரும். முகவரியில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கும். சில சமயம் அதுகூட மாறியிருக்காது, பள்ளியின் இமெயிலுக்குள்ளேயே புகுந்திருப்பார்கள். கணக்கு எண் மாறியதாக எந்தத் தகவல் வந்தாலும், அந்த இமெயிலில் இருக்கும் எண்ணைக் கூப்பிடாமல், சேர்க்கைக் கடிதத்தில் இருக்கும் எண்ணுக்குப் போன் செய்து, எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். இதில் கூச்சமே வேண்டாம். போன பணம் திரும்ப வருவது அபூர்வம்.

கைச்செலவுக்கு வருவோம். சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் கட்டணத்திலேயே அடக்கம் என்பதால் வாரத்துக்கு 15, 20 பவுண்டு போதும் என்பது என் கணிப்பு. அவள் ஹவுஸ் (விடுதி) பொறுப்பாளரிடம் மற்ற பிள்ளைகள் எவ்வளவு வைத்திருக்கிறார்கள் என்று கேட்டு அதையொட்டி முடிவு செய்யுங்கள். ரொம்பக் கூடுதலாக வைத்திருப்பதும் ரொம்பக் குறைவாக வைத்திருப்பதும் புது இடத்தில் பிள்ளைக்குச் சங்கடம்தான். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான, உங்கள் போனிலிருந்து கட்டுப்படுத்தக்கூடிய கார்டு ஒன்றும், வேறு வங்கியின் கார்டு ஒன்று பத்திரமாக ஹவுஸ் பொறுப்பாளரிடமும் இருக்கட்டும். ஏடிஎம்மோ கடை மெஷினோ “பவுண்டா, உங்கள் நாட்டுப் பணமா” என்று கேட்டால் எப்போதும் பவுண்டு என்றே அழுத்தச் சொல்லுங்கள். மற்றதை அழுத்தினால் அவர்கள் வைத்ததுதான் விகிதம்.

ரொக்கமாக 50, 60 பவுண்டு, சிறிய நோட்டுகளாக. அப்புறம், வழியனுப்ப வரும் உறவினர்கள் எப்போதோ லண்டன் போய் மிச்சம் வைத்த பவுண்டைக் குழந்தை கையில் பாசமாகத் திணிப்பார்கள். வாங்கிப் பாருங்கள். காகித நோட்டாக இருந்தால் கடையில் செல்லாது. கடைசியாக இருந்த காகித 20, 50 பவுண்டு நோட்டுகளும் 2022 செப்டம்பர் 30-க்குப் பிறகு செல்லாமல் போய்விட்டன. இப்போது எல்லாம் பாலிமர் நோட்டுதான். பேங்க் ஆஃப் இங்கிலாந்தில் மாற்றலாம், ஆனால் அந்த வேலையை 13 வயதுப் பெண்ணின் தலையில் கட்டாதீர்கள். ராணி படம், மன்னர் சார்லஸ் படம் இரண்டும் போட்ட பாலிமர் நோட்டுகள் செல்லும்.

கார்டை இப்போதே அவள் கையில் கொடுத்துவிடுங்கள். திங்கட்கிழமை ஒரு தொகை, அடுத்த திங்கள்வரை அதுதான். புதன்கிழமையே தீர்ந்து உங்களிடம் வந்து நின்றாலும் நிரப்ப வேண்டாம். வீட்டில் இருக்கும்போதே இது பழகிவிட்டால் அங்கே போய் அழ வேண்டியிருக்காது.

கடைசியாக, கார்டியன். உங்கள் கணவரின் அத்தை மகன் நல்லவராகவே இருக்கட்டும். கேட்க வேண்டியது இதைத்தான்: ராத்திரி இரண்டு மணிக்கு அவளுக்குக் காய்ச்சல் என்று பள்ளி கூப்பிட்டால் அவரால் போக முடியுமா? ஹாஃப் டெர்மிலும், விடுதியை மூடும் எக்ஸியட் வார இறுதிகளிலும் அவர் வீட்டில் தனி அறை உண்டா? அந்தத் தேதிகளில் அவர் ஊரில் இருப்பாரா? கார்டியனுக்குப் பள்ளி வைத்திருக்கும் நிபந்தனைகளைக் கேட்டு வாங்குங்கள். வயது, பள்ளியிலிருந்து தூரம் என்று வரம்பு இருக்கலாம். பிரிட்டிஷ் சட்டத்தில் தாத்தா பாட்டி, உடன்பிறந்தவர், பெற்றோரின் உடன்பிறந்தவர், மாற்றாந்தாய் அல்லது மாற்றாந்தந்தை ஆகியோர்தான் இதற்கு நெருங்கிய உறவு. அத்தை மகன் அந்தப் பட்டியலில் வரமாட்டார். ஆகவே 16 வயது ஆகாத உங்கள் மகள் அவர் வீட்டில் தொடர்ந்து 28 நாளோ அதற்கு மேலோ தங்குவதாக இருந்தால், உள்ளூர் கவுன்சிலுக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். குறுகிய விடுமுறைகளுக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

அவரால் முடியாது என்றால் கார்டியன் நிறுவனம்தான். ஏஜிஸ் என்ற அமைப்பு இவற்றைச் சோதித்து அங்கீகாரம் தருகிறது, அந்தப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுங்கள். வருடக் கட்டணம் மட்டும் கேட்டுவிட்டு நிறுத்தாதீர்கள். ஒரு ராத்திரி தங்க எவ்வளவு, விமான நிலையத்துக்கு அழைத்துப் போக எவ்வளவு, செலவுக்கென்று முன்பணம் வாங்குவார்களா, மிச்சத்தை எப்போது தருவார்கள் என்பதையும் எழுத்தில் வாங்கி, பள்ளியின் டெர்ம் தேதிப் பட்டியலைப் பக்கத்தில் வைத்து வருடச் செலவைக் கூட்டுங்கள். விமான டிக்கெட்டையும் அதே பட்டியலைப் பார்த்து இப்போதே போட்டுவிடலாம்.