பாட்டிலுக்குள்ள இருக்கிறத அளந்து ஊத்துறது யாரு?

கேள்வி: சர்க்கரை போட்ட கூல்டிரிங்ஸுக்கு தனி வரி போடணும்னு போன இதழ்ல எழுதியிருந்தீங்க. என் காசு, என் உடம்பு, உங்களுக்கென்ன? அளவோட குடிச்சு, ஒழுங்கா எக்சர்சைஸ் பண்ணினா ஒரு கெடுதலும் வராது. கேக், சாக்லேட்டெல்லாம் விட்டுட்டு இத மட்டும் ஏன் பிடிச்சு தொங்குறீங்க? நாளைக்கு பழத்துக்கும் வரி கேப்பீங்களா?
- பெயர் வேண்டாம் என்ற வாசகர்

பதில்: அளவோடங்கிறீங்களே, அந்த அளவு எவ்வளவுன்னு மட்டும் எழுதாம விட்டுட்டீங்க. அடுத்த தடவ பாட்டில எடுக்கும்போது பின்பக்கம் திருப்பி அந்த பொடி எழுத்து கட்டத்த பாருங்க. கோலான்னா 100 மில்லிக்கு சர்க்கரை 10.6 கிராம்னு, இல்ல அத ஒட்டி ஒரு நம்பர் இருக்கும். கண்ணு அந்த பத்துலயே நின்னுடும், அட பத்து கிராம்தானேன்னு தோணும். ஆனா கையில இருக்கிறது 600 மில்லி பாட்டில், அதுல ஆறுல ஒரு பங்கு மட்டும் குடிச்சுட்டு மூடி வைக்கிற ஆள நான் இன்னும் பாக்கல, அப்ப ஆறால பெருக்குங்க, 63 கிராமுக்கு மேல வருது, டீஸ்பூன் கணக்குல பதினஞ்சு தாண்டுது. உலக சுகாதார நிறுவனம் 2015ல என்ன சொல்லுச்சுன்னா, ஒரு நாள் கலோரில பத்து சதவீதத்துக்கு கீழதான் இந்த மாதிரி சர்க்கரைலேந்து வரணும், அதாவது 2000 கலோரி சாப்பிடுறவருக்கு 50 கிராம், முடிஞ்சா அதையும் பாதியாக்கினா நல்லதுன்னு. நீங்க சாப்பாட்டுல கை வைக்கறதுக்கு முன்னாடியே அன்னிக்கு கோட்டா காலி.

சரி, அதே பதினஞ்சு ஸ்பூன் சர்க்கரைய வெறும் தண்ணில கரைச்சு குடுத்தா குடிப்பீங்களா? ரெண்டாவது மடக்குலயே குமட்டும். பாட்டில்ல மட்டும் எப்படி இறங்குதுன்னா, உள்ள இருக்கிற ஆசிட் (கோலால பாஸ்பாரிக், மத்ததுல பெரும்பாலும் சிட்ரிக்) இனிப்ப அமுக்கி வச்சிருக்கு, அதுக்கு மேல ஜில்லுன்னு இருந்தா நாக்குக்கு இனிப்பு கம்மியாத்தான் தெரியும். நம்பலேன்னா மூடிய திறந்து வச்சு, கேஸெல்லாம் போய் வெதுவெதுன்னு ஆனப்புறம் ஒரு வாய் குடிச்சு பாருங்க, அதுதான் நீங்க இத்தன நாளா குடிச்சது. போனஸா அந்த ஆசிட் பல்லையும் விடாது, சுமாரா 5.5 பி.எச்.சுக்கு (ஆசிட் அளக்கிற கணக்கு, நம்பர் குறைய குறைய ஆசிட் ஜாஸ்தி) கீழ போனாலே பல்லோட மேல் பூச்சான எனாமல் கரைய ஆரம்பிக்கும், கோலா 2.5 பக்கத்துல இருக்கு.

கேக்க ஏன் விட்டுட்டோம்னு கேட்டீங்க. விடல, ஆனா ரெண்டும் ஒண்ணு இல்ல. 2000ல வெளிவந்த ஒரு சின்ன ஆராய்ச்சி, பதினஞ்சே பேரு, தினமும் 450 கலோரி சர்க்கரைய நாலு வாரம் ஜெல்லி மிட்டாயா குடுத்தாங்க, இன்னொரு நாலு வாரம் அதே அளவ சோடாவா குடுத்தாங்க. மிட்டாய் தின்ன காலத்துல அவங்களே அறியாம மத்த சாப்பாட்ட அந்தளவுக்கு குறைச்சுக்கிட்டாங்க. சோடா குடிச்ச காலத்துல ஒண்ணையும் குறைக்கல, எப்பவும் சாப்பிடுறத சாப்பிட்டு, அதுக்கு மேல இந்த 450, எடையும் ஏறிடுச்சு. மென்னு முழுங்கினத வயிறு கணக்கு வச்சுக்குது, குடிச்சத வச்சுக்கிறதில்ல. சின்ன ஆராய்ச்சிதான், ஆனா அதுக்கப்புறம் வந்த பெரிய ஆராய்ச்சிங்களும் இந்தப் பக்கம்தான் சாயுது. இன்னொண்ணு, சர்க்கரைல பாதி ஃப்ரக்டோஸ்ங்கிற வகை, அத கவனிக்கிற வேலை பெரும்பாலும் கல்லீரல் தலையில, அஞ்சே நிமிஷத்துல அவ்வளவும் வந்து கொட்டினா கல்லீரல் அதுல ஒரு பங்க கொழுப்பா மாத்தி அங்கயே தள்ளி வைக்கும். குடியே தொடாதவங்களுக்கும் ஃபேட்டி லிவர் வர்ற காரணங்கள்ல இதுவும் ஒண்ணு.

எக்சர்சைஸ்! இந்த வாதத்த யாரு பரப்பினாங்கன்னு தெரிஞ்சா நீங்களே சிரிப்பீங்க. உடம்பு ஏறுறதுக்கு சாப்பாடு பெரிய காரணம் இல்ல, ஓடி ஆடாததுதான் காரணம்னு பேசிக்கிட்டு அமெரிக்காவுல விஞ்ஞானிங்க அமைப்பு ஒண்ணு இருந்துச்சு, 2015ல நியூயார்க் டைம்ஸ் தோண்டி எடுத்தப்ப பாத்தா பின்னாடி பணம் குடுத்தது கோகோ கோலா. அந்த வருஷம் முடியறதுக்குள்ள அமைப்பையே கலைச்சுட்டாங்க. நடங்க, ஓடுங்க, ரொம்ப நல்லது, ஆனா அந்த 600 மில்லி பாட்டில் சுமார் 250 கலோரி, அத எரிக்க ஒரு மணி நேரம் வேகமா நடக்கணும், குடிக்க அஞ்சு நிமிஷம். தினமும் அந்த ஒரு மணி நேரம் நடக்கிறீங்களா? அதுவும் கடிதத்துல இல்ல.

இப்ப வரிக்கு வரேன், உங்க கோவமே அதுலதானே. உங்கள தண்டிக்கத்தான் வரின்னு நினைச்சுட்டீங்க. பிரிட்டன் செஞ்சத பாருங்க. 2016 மார்ச்சுல அறிவிச்சாங்க, 2018 ஏப்ரல்லதான் அமலுக்கு வந்துச்சு, நடுவுல ரெண்டு வருஷம் டைம். ஆரம்பிச்சப்ப 100 மில்லில 5 கிராமுக்கு கீழ சர்க்கரை இருந்தா வரியே இல்ல, 5லேந்து 8 வரைக்கும் லிட்டருக்கு 18 பென்ஸ், 8 ஆயிட்டா 24 பென்ஸ்னு வச்சாங்க. வரி வர்றதுக்குள்ளயே பல கம்பெனிங்க ஃபார்முலாவ மாத்தி 5க்கு கீழ இறக்கிட்டாங்க (ஒரிஜினல் கோக் மாதிரி சிலது மட்டும் மாத்தாம வரிய கட்டுச்சு). 2015லேந்து 2020க்குள்ள அந்த வரி வரம்புக்குள்ள வர்ற டிரிங்ஸோட சராசரி சர்க்கரை ஏறக்குறைய பாதியாயிடுச்சு. குடிக்கிறவங்க யாரும் சபதம் எடுக்கல, கடையில அதே பாட்டிலத்தான் எடுத்தாங்க, உள்ள இருந்தது மாறிடுச்சு. இத்தன வருஷமா முடியாதுன்னு சொன்ன கம்பெனிக்கு ரெண்டே வருஷத்துல எப்படி முடிஞ்சுச்சு? அதனாலதான் சொல்றேன், அளவு உங்க கையில இல்ல, ஃபேக்டரில இருக்கு, வரி போய் தட்ட வேண்டியது அந்தக் கதவத்தான்.

மெக்சிகோ வழி வேற, 2014ல லிட்டருக்கு ஒரு பெசோ நேரா விலையில ஏத்துனாங்க. வாங்குறது முதல் வருஷம் 5.5 சதவீதம், ரெண்டாவது வருஷம் 9.7 சதவீதம் குறைஞ்சுது, ஏழை வீடுகள்ல இன்னும் அதிகமா குறைஞ்சுது. ஏழைங்க தலையில கட்டுற வரின்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு, சர்க்கரை வியாதி வந்தா மருந்து செலவும் அவங்க தலையிலதான், அதுக்கு மட்டும் யாரும் இவ்வளவு கண்ணீர் விடக் காணோம்.

என் உடம்புன்னு சொன்னீங்க, ஒத்துக்கறேன், பெரியவங்க விஷயத்துல நான் தலையிடல. அஞ்சு வயசு பிள்ள கைக்கு யாரு பாட்டில குடுத்தாங்க, அது யாரு முடிவு? 2025 ஜனவரில வந்த ஒரு கணக்கு, 2020ல மட்டும் உலகம் முழுக்க புதுசா வந்த டைப் 2 சர்க்கரை வியாதில சுமார் 22 லட்சம் பேருக்கு காரணம் இந்த டிரிங்ஸ்தான்னு சொல்லுது. தலைய எண்ணிப் பாத்தது இல்ல, மாடல் வச்சு போட்ட மதிப்பீடுதான், பாதின்னே வச்சுக்கிட்டாலும் 11 லட்சம் வருது.

டயட் பாட்டில் பத்தி நீங்க கேக்கல, அடுத்து அதத்தான் கேப்பீங்கன்னு தெரியும். சர்க்கரை பாட்டிலுக்கு அது தேவலாம். ஆனா எடை குறைக்க செயற்கை இனிப்ப நம்பாதீங்கன்னு 2023ல உலக சுகாதார நிறுவனமே சொல்லிடுச்சு, தாகத்துக்கு தண்ணியே இருக்கு.

கடைசியா பழம். பழத்துக்கு வரி கேக்க மாட்டேன், மென்னு திங்கணும், நார் இருக்கு, நாலு ஆரஞ்சு ஒரே மூச்சுல யாரும் திங்கிறதில்ல. ஜூஸுக்கு கேப்பேன். அந்த நாலையும் பிழிஞ்சா ஒரு டம்ளர், நார் போயிடுச்சு, சர்க்கரை ஏறக்குறைய கோலா அளவுக்கு நிக்குது, மேல சொன்ன 50 கிராம் கணக்குல பழச்சாறு சர்க்கரையும் சேத்திதான். பிரிட்டன் வரில சுத்தமான பழச்சாற விட்டுட்டாங்க, என்னக் கேட்டா அது தப்பு. இதுக்கும் திட்டி எழுதுவீங்க, எழுதுங்க, ஆனா இந்த தடவ எத்தன மில்லின்னு சேத்து எழுதுங்க.