டார்ஜான் கதையான 'கிரேஸ்டோக்' படத்தைச் சிலர் கொண்டாடுகிறார்கள், சிலர் பாதியில் எழுந்து போகிறார்கள். ஏன் இப்படி?

எனக்கு இந்தப் படம் ரொம்பப் பிடிக்கும், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் எழுந்து போகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர்கள் பார்க்க வந்த டார்ஜான் வேறு ஆள். 1932இல் ஜானி வைஸ்முல்லர் நடிக்க ஆரம்பித்ததிலிருந்து, கொடியைப் பிடித்துத் தாவி, அந்தப் பிரசித்தமான கூவலோடு வந்து கதாநாயகியைக் காப்பாற்றுகிறவன்தான் டார்ஜான் என்று மனதில் பதிந்துவிட்டது. 1984இல் ஹ்யூ ஹட்சன் எடுத்த இந்தப் படத்திலோ 'டார்ஜான்' என்று அவனை ஒருவர்கூடக் கூப்பிடுவதில்லை. முன்பாதியில் காடு, அதிலும் வெகுநேரம் மனிதப் பேச்சே கிடையாது. பின்பாதியில் அவன் போய்ச் சேரும் தாத்தாவின் ஸ்காட்லாந்து மாளிகை, விருந்து, துக்கம். சண்டைக்காக வந்தவர் எங்கே உட்காருவார்?

எங்கள் வீட்டிலேயே இது நடந்தது. சித்தப்பா, "என்னப்பா, கோட்டு சூட்டு போட்டுட்டான்" என்று எழுந்து போய்விட்டார். ஆங்கிலம் தெரியாத அம்மாதான் கடைசிவரை அசையாமல் பார்த்தார்.

குரங்குகள் விஷயத்திலும் இரண்டு கட்சி உண்டு. கணினி வரைகலையில் இப்படிக் குரங்குகளை உருவாக்க முடியாத காலம் அது, ரிக் பேக்கர் செய்த வேடத்துக்குள் நடிகர்கள்தான் இருக்கிறார்கள். சிலருக்குக் கடைசிவரை வேடம் மட்டுமே கண்ணில் படுகிறது, அப்புறம் படம் எப்படி ஒட்டும்? எனக்கு அந்தக் கண்கள் போதுமாக இருந்தன. லண்டன் அருங்காட்சியகத்தில், தன்னை வளர்த்த குரங்கைக் கூண்டுக்குள் கண்டுபிடிக்கிறானே, திறந்துவிட்டு இருவரும் ஓட, அந்த வயதான குரங்கைச் சுட்டுவிடுகிறார்களே, அப்போது அவன் "இவர் என் அப்பா" என்று கத்துகிற இடத்தில் சிலர் சிரிப்பதைக் கேட்டிருக்கிறேன். அம்மா அழுதார். படம் ஒருவருக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்பது அந்த ஒரு காட்சியிலேயே தெரிந்துவிடும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அதற்கு முன்னால் தாத்தா காட்சி. ரால்ஃப் ரிச்சர்ட்சன் நடித்த கிழப் பிரபு, சின்ன வயது விளையாட்டை நினைத்துக்கொண்டு பெரிய வெள்ளித் தட்டில் உட்கார்ந்து மாடிப்படியில் சறுக்கி வருகிறார், கீழே மோதி இறந்துபோகிறார். பேரன் அவர் பக்கத்தில் மண்டியிட்டு, மனிதர்கள் அழுவதுபோல அழாமல், காட்டில் கற்ற முறையிலேயே துக்கப்படுகிறான். கிறிஸ்டோபர் லாம்பர்ட்டின் உடம்பு முழுவதும் அதில் நடிக்கிறது. படம் வெளியாகும் முன்பே ரிச்சர்ட்சன் காலமாகிவிட்டார். இந்த வேடத்துக்காக அவர் பெயர் ஆஸ்கர் பரிந்துரையில் இடம்பெற்றது.

குறைகளும் உண்டு. கதாநாயகி ஜேனாக வரும் ஆண்டி மெக்டவலுக்குக் குரல் கொடுத்தவர் கிளென் க்ளோஸ், அந்த ஒட்டாமை எனக்கே உறுத்தும். ஜேனுடனான காதல் அவசர அவசரமாக ஓடுகிறது. கடைசியில் அவளை விட்டுவிட்டு அவன் தனியாகக் காட்டுக்குத் திரும்புவதும் காதல் கதை எதிர்பார்த்தவர்களுக்குப் பெரிய ஏமாற்றம். திரைக்கதையை முதலில் எழுதிய ராபர்ட் டவுனுக்கே படம் பிடிக்கவில்லை. தானே இயக்க நினைத்து, வாய்ப்பு கைவிட்டுப் போன வருத்தம் வேறு. தன் பெயருக்குப் பதிலாகத் தன் நாயின் பெயரைப் போடச் சொல்லிவிட்டார், அந்தப் பெயரும் ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலில் வந்தது. எழுதியவரே ஒதுங்கிக்கொண்ட படத்தைப் பார்வையாளர்கள் எல்லோரும் ஒரே மாதிரி ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று எப்படி எதிர்பார்ப்பது?

நீங்கள் வீட்டில் போட்டுக் காட்டப்போகிறீர்கள் என்றால் டார்ஜான் படம் என்று சொல்லிக் கூப்பிடாதீர்கள். வளர்த்த குரங்கு, ரத்த உறவான தாத்தா என்று இரண்டு அப்பாக்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட ஒருவனின் கதை, முதல் ஒரு மணி நேரம் பொறுமை வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.