கதிர்க்குருவின்னு பேர் வச்சா ஒரே குடும்பமா?

கே: மடகாஸ்கர் குருவி ஒண்ணை பழைய புக்ல கொண்டைக்குருவி கூட்டத்துல போட்டிருக்கு, புது லிஸ்ட்ல வேற குடும்பம். எதை நம்புறது?

ப: புது லிஸ்டைத்தான். அந்தக் காலத்துல அலகையும் உடம்பு வாகையும் பார்த்தே முடிவு பண்ணிட்டாங்க. அலகு நீளமா இருக்கா, கொண்டைக்குருவி கூட்டத்துல போடு, தரையோரமா புதருக்குள்ள மேயுதா, சிலம்பன் (தவிட்டுக்குருவி வகை) கூட்டம், ரெண்டும் இல்லையா, கதிர்க்குருவின்னு (இங்கிலீஷ்ல வார்ப்ளர்) எழுதிட்டுப் போயிடு. இப்படி மூணு குடும்பத்துல சிதறிக் கிடந்ததுங்கள 1990கள் கடைசில டிஎன்ஏ எடுத்துப் பார்த்தா எல்லாம் ஒண்ணுக்கொண்ணு பங்காளிங்க! ஒரே முன்னோர் வழில வந்து, தீவுக்குள்ளயே ஆளுக்கொரு தொழில் பார்த்து, அதுக்கேத்த மாதிரி அலகு மாறியிருக்கு. மொத்தம் 11 இனம், வேற எந்த நாட்டுலயும் கிடையாது. இந்தக் குடும்பத்துக்கு பெர்னியரிடேன்னு முறையா பேர் வச்சதே 2010லதான்.

கே: அப்போ அந்த ஊர் கதிர்க்குருவி எல்லாமே பெர்னியரிடேவா?

ப: இல்லங்க. ஜெரின்னு பொடிக் குருவிங்க இருக்கு, அதையும் முன்னாடி சிலம்பன்லதான் வச்சிருந்தாங்க, இப்போ நம்ம கொல்லைல இலையைத் தைக்கிற தையல்சிட்டு இருக்கே, அது குடும்பம். இதுல ஆப்புவால் ஜெரின்னு ஒண்ணு, பேர்தான் ஜெரி, ஆள் பெர்னியரிடே. இந்தப் பேரை இன்னும் மாத்தாம வச்சிருக்காங்களேன்னு எனக்கு எரிச்சல்.

கே: போட்டோ அனுப்பினா எந்தக் குடும்பம்னு சொல்வீங்களா?

ப: பாட்டையும் ரெக்கார்ட் பண்ணி அனுப்புங்க. கிரிப்டிக் வார்ப்ளர்னு ஒண்ணு, மடகாஸ்கரோட கிழக்கு மழைக்காட்டுல கண்ணு முன்னாடியே இருந்தும் தனி இனம்னு விவரிச்சது 1996லதான், அதைக் காட்டிக் கொடுத்ததே அதோட பாட்டுதான்.

கே: செஷல்ஸ் வார்ப்ளரும் இவங்க சொந்தமா?

ப: கிடையாது. அது நாணல் கதிர்க்குருவி வகை, குளிர்காலத்துல நம்ம ஊர் புதருக்குள்ள "டக் டக்"னு சத்தம் போட்டுட்டு கண்ணுலயே படாம சுத்துமே, அந்தப் பேரினம் (குடும்பத்துக்குள்ள நெருங்கின இனங்களோட கூட்டம்). பழைய ஆளுங்க தீவுக்குன்னு தனிப் பேரினமே போட்டாங்க, அது நிக்கல. 1968ல செஷல்ஸோட கசின் தீவுல 26 குருவிதான் மிச்சம், உலகத்துலயே அவ்வளவுதான். தீவையே வாங்கி, தென்னந்தோப்பைக் கைவிட்டு நாட்டு மரங்களை வளர விட்டாங்க, பெருகுச்சு, 1988ல 29 குருவிய அரீட் தீவுக்குக் கொண்டுபோய் விட்டாங்க.

கே: அதே செஷல்ஸ் நாட்டு அல்டாப்ரா தீவோட கதிர்க்குருவி?

ப: 1967ல கண்டுபிடிச்சாங்க, 1983ல கடைசியா பார்த்தாங்க. இப்போ இல்ல.